பசை குறைந்த ரத்தம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் என் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

என் வாண்டுப் பயல் கட்டில் விளிம்பில் மோதி உதட்டைக் கிழித்துக்கொண்டான். அரிசியளவு காயம்தான், ரத்தம் நிற்கவே இல்லை. நின்றதா, நின்றதா என்று பஞ்சை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி நர்ஸ் திட்டினாள்: “ஏம்மா, அதுங்க இப்பத்தான் வந்து ஒட்டுது. நீங்க பிச்சுப் பிச்சு எடுத்தா எப்படி?”

‘அதுங்க’ என்றால் தட்டணுக்கள். காயம்பட்ட இடத்துக்கு முதலில் ஓடிவருபவை. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி, உருமாறி, மற்றவற்றையும் கூப்பிடுமாம். பிறகு நார்வலை பின்னிக்கொள்ள, சிவப்பணுக்கள் அதில் சிக்கி, ஓட்டை அடைபடுகிறது. வாண்டுக்குத் தட்டணு போதிய அளவு இருக்கிறது. அவற்றைச் சுவரில் பசைபோல ஒட்டவைக்கும் புரதம்தான் குறைவு. எனக்கும் அப்படியே. நம் வீட்டு வழியில் வந்ததாம்.

அடுத்த மாதம் உனக்குக் கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன் என்று அம்மா சொன்னாள். உன் டாக்டரிடம் இதைச் சொல்லிவிடு அக்கா. பயமாக இருக்கிறது.

உன் தங்கை

மார்ச் 12

தங்கைக்கு,

பையன் தேறியிருப்பான். எனக்கு ரத்தம் பார்த்தாயிற்று. தட்டணு எண்ணிக்கை சரி. “பிள்ளை பெத்தவளுக்குத்தான் தெரியும்” என்று பிள்ளையில்லாத என் முகத்துக்கு நேரே சொன்னவளுக்கு இப்போது என்ன திடீர்க் கரிசனம்?

அக்கா

மார்ச் 19

அக்கா,

எண்ணிக்கை எனக்கும்தான் சரி! பசை இருக்கிறதா என்று பார்ப்பது வேறு பரிசோதனை. பல் பிடுங்கிய அன்று உன் தலையணை ரத்தத்தில் நனைந்தது மறந்துவிட்டதா? மாதாமாதம் ரத்தப்போக்கில் நாம் சுருண்டு கிடந்தபோது, “நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்கு இப்படித்தான்” என்று அம்மா சொல்ல, நாமும் நம்பினோமே.

என்னை ஆயுசுக்கும் திட்டு. திட்டுவதற்கு நீ இருக்க வேண்டும்.

தங்கை

ஏப்ரல் 6

அக்கா,

பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். ஒரு வரி போதும்: ‘சொல்லிவிட்டேன்’ என்று.

தங்கை

மே 15

அடியே,

ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் வாய் திறந்தேன். “டாக்டர், என் தங்கச்சி ஒரு லூசு, என்னமோ பசைங்கறா.” அவர் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டார். சோதித்துப் பார்த்தால் எனக்கும் அதேதான். தள்ளிப்போட்டு, மருந்து ஏற்றிச் செய்தார்கள். கட்டியோடு கர்ப்பப்பையும் போயிற்று. “சொல்லாம இருந்திருந்தா மேஜையிலயே போயிருப்பீங்க” என்றார்.

என் கோபம் ஆறவில்லை. உன் முகத்தில் விழிக்கவும் பிடிக்கவில்லை. வாண்டைத்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அவன் உன்னை விட்டு இருக்க மாட்டானே. நீயும் கூட வந்து தொலை.

அக்கா