சங்கத்துப் பிள்ளை

ஸ்கார்தால்,
12 ஜனவரி 1997

அன்புள்ள ரான்வைக் அக்காவுக்கு,

நீ பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் தீரிலுக்குச் சரியாக இருக்கிறது. பதினாலு வயதுக்குள் என் தோளைத் தாண்டிவிட்டாள்.

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பனிச்சறுக்குச் சங்கத்தார் குறை வைக்க விட்டால்தானே! சங்கத்துக்காகச் சறுக்குத் தடம் போடப் போன இடத்தில் பனிச்சரிவு தீரிலின் அப்பாவை மூடியதிலிருந்து கூரை அவர்கள் போட்டது, விறகு அவர்கள் அடுக்கியது. ஞாயிறு தவறாமல் யார் வீட்டிலிருந்தாவது ஆட்டுக்கறி வந்துவிடும். மூச்சு முட்டுகிறது என்று இவர்களிடம் எப்படிச் சொல்வேன்?

மார்ச்சில் சங்கத்தின் நூற்றாண்டு. தலைவர் ஹால்ஸ்டைன் காபி குடித்துக்கொண்டே முடிவு செய்துவிட்டார்: "தாத்தா தாவினாரு, அப்பன் தாவினான். விழா அன்னிக்குப் பெரிய சறுக்கு மேடையிலேர்ந்து தாவப்போறது நம்ம தீரில்தான். சங்கத்துப் பிள்ளையாச்சே!" அவர் போனதும் அவள் குளியலறையில் வாந்தி எடுத்தாள். பயிற்சிக்குப் போகும் நாளெல்லாம் இப்படித்தான்.

உன் தங்கை,
ஓஸ்னே


பெர்கன்,
20 ஜனவரி

என் ஓஸ்னேவுக்கு,

"வேண்டாம்" என்று சொல்ல முடியாதபடி வாயில் என்னடி அடைத்திருக்கிறது, அவர்கள் தரும் வாஃபிள் கேக்கா? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. பள்ளிக்கூடம் பக்கத்துத் தெரு. நன்றிக்காகப் பிள்ளையைக் காவு கொடுக்காதே.

அக்கா


ஸ்கார்தால்,
17 மார்ச்

அக்கா,

நேற்று விழா. ஊரே கீழே நின்றது. தீரில் சறுக்கு மேடை உச்சியில், தாவப் புறப்படும் குறுக்குக் கட்டையில் உட்கார்ந்தவள் அசையவில்லை. "வா கண்ணு! அப்பா பாத்துட்டிருக்காரு!" என்று ஒலிபெருக்கியில் ஹால்ஸ்டைன். எல்லோரும் தாளமாகக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன் அக்கா. என் கைகள் தட்டுவதே சிறிது நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியேறினேன். மேலே அவள் உதடெல்லாம் நீலம். "நீயுமாம்மா தட்டினே?" என்றாள். கையைப் பிடித்து, வந்த படி வழியாகவே இறக்கிக் கூட்டிவந்தேன். பேண்டு வாத்தியம் நின்றிருந்தது.

யாராவது திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். திட்டவில்லை. மாலையில் வீடு கொள்ளாத அளவுக்குக் கேக்கும் ஆட்களும் வந்தார்கள். ஹால்ஸ்டைன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தலையைத் தடவினார். "அவசரமில்ல கண்ணு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அப்போதே முடிவு செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவள் அவள்தான். இனி அவள் உன்னிடமே இருக்கட்டும். பனிச்சறுக்குக் கட்டைகளை அனுப்பவில்லை.

"நீ ஏன் கூட வரவில்லை" என்று என்னைக் கேட்பாய். புதைந்துபோன என்னவரைத் தேடி வெறுங்கையால் பனியைத் தோண்டியவர்கள் அக்கா இவர்கள். ஹால்ஸ்டைனுக்கு அதில் குளிரில் விறைத்து இரண்டு விரல் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் போய்விட்டால் அந்தக் கையை அவர் எங்கே வைத்துக்கொள்வார்? பிள்ளை எங்கே என்று காலையில் வந்து கேட்பார்கள். பதில் சொல்ல ஒருத்தி இருக்க வேண்டும்.

அங்கே ஓயாத மழை என்பாயே, அவளுக்கு ஒரு நல்ல மழைக்கோட்டு வாங்கிக் கொடு. அம்மா எப்போது வருவாள் என்று கேட்டால் நாள் எதுவும் சொல்லிவிடாதே.

ஓஸ்னே