தாய்மாமன் பெயர்

பிரிக்பீல்ட்ஸ்,
11.8.1985

அன்புத் தம்பி ரெங்கசாமிக்கு அக்கா பவுனம்மாள் எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அப்பா படுத்த படுக்கைதான். அவரைத் துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு, பெட்டாலிங் ஜெயா ஃபேக்டரிக்கு பஸ் பிடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடுகிறது.

ஜொகூரிலிருந்து நீ அனுப்பிய நாவலை முடித்துவிட்டேன். தலையணை மாதிரி இருக்கிறதே என்று உன்னைத் திட்டிக்கொண்டேதான் தொடங்கினேன். பஸ்ஸில் பத்துப் பத்துப் பக்கமாக மூன்று மாதம் ஆனது. மூன்று தலைமுறைக் கதை, ஆளுக்கொரு பாவம். ஆரம்பத்திலேயே இவன் நல்லவன், இவன் கெட்டவன் என்று நான் பிரித்து வைத்துவிட்டேன். எழுதியவர் விட்டால்தானே! ரத்தமே அப்படி என்று ஊர் ஒதுக்கிய அண்ணன், தப்பிக்க வழி இருந்தும் தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். நான் மெச்சிக்கொண்டிருந்த தங்கை, யாரும் கட்டாயப்படுத்தாமலே பொய் சொல்கிறாள். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடியவள், இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். மூத்தவள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் இடத்தில் உன் பெயர் இல்லை. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்று உனக்குச் சொன்னேன். பொய், தம்பி. அப்பா எழுதிக் கொடுத்திருந்தார், புரூஃபிலும் இருந்தது. நான்தான் சிவப்புப் பென்சிலால் அடித்தேன். குடித்துவிட்டு லோரி ஓட்டி, ஒருவர் காலை முறித்து, நீ ஜெயிலுக்குப் போய் வந்திருந்த நேரம். நம் தாத்தாவையும் இழுத்து, தாத்தாவும் குடிகாரர், பேரனும் அப்படித்தான்லா என்று சம்பந்தி வீட்டில் பேசினார்கள். ஆனால் அடி என்று யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. மணவறையில் உன் இடத்தில் ஒரு தூரத்துப் பங்காளி நின்றார். நீ கடைசி வரிசையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். பார்த்தும் பார்க்காதவளாகப் போனேன்.

ஆறு வருடமாக நீ குடியைத் தொடவில்லை. அதே ரத்தம்தானே உனக்கும்? நிறுத்தியது நீ.

நாவலில் அந்தத் தங்கை கடைசிவரை உண்மையைச் சொல்லவே இல்லை. எனக்கு அவள்மேல் அப்படியொரு ஆத்திரம். நான் களைத்துப் போய்விட்டேன், தம்பி. இருக்கிற பாரத்தோடு இதையும் சுமக்கத் தெம்பில்லை.

ஐப்பசியில் சின்னவள் ரமணிக்குக் கல்யாணம். பத்திரிகை புரூஃபை இதோடு வைத்திருக்கிறேன். தாய்மாமன் என்ற இடத்தில் உன் பெயரை நானே எழுதிக் கொடுத்தேன். ஒரு துண்டு சிவப்புப் பென்சிலும் உறைக்குள் இருக்கிறது. வேண்டாம் என்றால் நீயே அடித்து அனுப்பு. ஏன் என்று கேட்க எனக்கு வாயில்லை. மாதக் கடைசிவரை அச்சகத்தில் பொறுப்பார்கள்.

நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

பென்சிலைத் தொடாதே, தம்பி.

உன் அக்கா,
பவுனம்மாள்