நாலு பார்க் டிக்கெட்டை இன்னும் வாங்காதீங்க

டிரைவர் சாருக்கு,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

நேத்து பாதியில விட்ட சண்டையை இங்கயே முடிச்சுடுறேன். நாலு நாள்ல நாலு தீம் பார்க்குன்னு நிமிஷக் கணக்குப் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கீங்களே, இது லீவா, இல்ல உங்க பஸ் ரூட்டா? போன வாரம் மால்ல உங்க பொண்ணு எஸ்கலேட்டர்லயே ஏறி இறங்கிட்டு இருந்தா, ஒரு கடைக்குள்ளகூட வரல. அவளுக்கு ஒரே பார்க் தாராளம். மத்த மூணையும் நீங்க தனியாச் சுத்திட்டு வாங்க, நாங்க வாசல்ல நின்னு டாட்டா காட்டுறோம்.

நேத்து நான் கத்தினதுக்கு மன்னிப்பெல்லாம் கிடையாது.

பி.கு: எந்த பார்க் வேணும்னு காலையில அவளையே கேட்டேன். "எதுன்னாலும் சரிம்மா. அங்கயாவது அப்பா வண்டி ஓட்டாம என் பக்கத்துல உக்காருவாருல்ல?"ங்கிறா.