ஐம்பத்தேழில் வேலை பார்த்தவர்கள்

பஃபலோ ரோடு, சிங்கப்பூர்
22-7-1968

அன்பு ரபியாவுக்குக் கண்மணி அக்கா எழுதுவது.

முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். குளுவாங்கில் நீயும் உன் வீட்டுக்காரர் யாக்கூப் தம்பியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நீ எழுதினால்தானே தெரியும்? மூன்றாம் வகுப்போடு நின்ற நான் பக்கம் பக்கமாகக் கிறுக்குகிறேன். ஆறாவது வரை படித்த மகாராணிக்கு ஒரு வரி எழுதக் கை வலிக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஏதோ நடக்கிறது ரபியா. போன வாரம் ஆயாக்கள், அட்டெண்டர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பதினாறு வருடமாக அங்கே தரை துடைக்கிறேன், ஒருநாள் உட்காரச் சொன்னதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம். பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத்தான் சந்தேகப்பட்டேன், அது வேறு.

நம் லிம் சிஸ்டர்தான் பேசினார். ஹாங்காங்கில் காய்ச்சல் கிளம்பிவிட்டதாம். ஐம்பத்தேழில் வந்ததே, அந்த மாதிரி ஃப்ளூ. இங்கே வருவதற்குள் நாமெல்லாம் பழகிக்கொள்ள வேண்டுமாம். முதலில் மாஸ்க் கட்டப் பழக்கினார்கள். ஆண்கள் வார்டு அண்ணாதுரையைத் தெரியுமல்லவா, அந்த மீசைக்காரன்? "சிஸ்டர், மீச உள்ளயா, வெளியயா?" என்று கேட்டான். "உள்ள வெச்சா அதுக்கு மூச்சு முட்டும் லா, பாவம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், சிஸ்டரைத் தவிர.

பிறகு, ஐம்பத்தேழில் காய்ச்சல் வார்டில் வேலை பார்த்தவர்கள் யார் யார், கையைத் தூக்குங்கள் என்றார். அண்ணாதுரை என் காதில், "தூக்காதீங்கக்கா. தூக்குனவங்களத்தான் அங்க கொண்டுபோய்ப் போடுவாங்க. டீ எதுக்குன்னு நெனச்சீங்க?" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் தூக்கினேன். பழைய ஆட்கள் ஏழு பேர்தான் மிச்சம். ஆள் போதவில்லை என்றார்கள். நீயும் அந்த வார்டில் வேலை பார்த்தவள்தானே, உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். வந்து என்னோடு தங்கு. ஒரு வார்த்தை எழுது.

உன் அக்கா
கண்மணி


குளுவாங், ஜொகூர்
29-7-1968

கண்மணி அக்காவுக்கு ரபியா சலாம் சொல்லி எழுதுவது.

என் பெயரை ஏன் கொடுத்தீர்கள்? சிஸ்டர் கேட்டாரா, நீங்களாகச் சொன்னீர்களா? என் மகனைப் பற்றி யாராவது ஏதாவது கேட்டார்களா? உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீங்கள் ஒன்றைச் சொல்லாமல் விடும்போது அதைச் சுற்றி நாலு கேலி இருக்கும்.

இங்கேயும் பேப்பரில் வந்துவிட்டது. அவர் அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து என் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அந்தக் காய்ச்சலில் பிள்ளை அஸ்மத் மவுத்தாகிப் பதினோரு வருடம், அவர் ஒன்றும் சொன்னதே இல்லை. சொல்வது அவர் தங்கச்சி ஆயிஷாதான். "ஆஸ்பத்திரிலேர்ந்து காய்ச்சல நீதானே தூக்கிட்டு வந்தே? மூணு வயசுப் புள்ள வேற எங்க போச்சு?" என்பாள். அவள் தொடங்கியதும் இவர் எழுந்து வெளியே போய்விடுவார். மறுத்து ஒரு சொல் வராது.

நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். வார்டிலேயே குளித்து உடுப்பு மாற்றுவேன். வீட்டுக்கு வந்து, பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் மறுபடி குளிப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட அந்த வாரம், சிங்கப்பூரில் எங்கள் டன்லப் தெரு வீட்டுக்கு வந்துபோன வெளியாள் நீங்கள் ஒருவர்தான். அதனால் கேட்கிறேன். நீங்கள் பார்த்ததையெல்லாம் பார்த்தபடி எழுதித் தாருங்கள். ஒன்றும் விட வேண்டாம். அவரிடம் காட்ட வேண்டும். உங்கள் எழுத்தை அவர் நம்புவார். அது கைக்கு வந்த பிறகு வேலையைப் பற்றிப் பேசலாம்.

ரபியா


பஃபலோ ரோடு
5-8-1968

என் மகாராணி ரபியாவுக்கு,

ஒரு கடிதத்தில் எத்தனை கேள்வி! போலீஸ் ஸ்டேஷனில்கூட மூச்சு விட்டுக் கேட்பார்கள். உன் பெயரை நானாகத்தான் கொடுத்தேன். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. நீ கேட்டதை எழுதித் தருகிறேன், அதற்கென்ன? நீ குளித்த குளியலில் டன்லப் தெருக் குழாயே வற்றிப்போயிருக்கும்.

அதற்கு முன்னால் இன்று நடந்த கூத்தைக் கேள். துணிக்குப் போடுகிற நீலத்தை எடுத்து அண்ணாதுரையின் முகத்திலும் கையிலும் பூசி, கட்டிலில் படுக்க வைத்தார் சிஸ்டர். அவன்தான் நோயாளி, நீலம்தான் காய்ச்சல். நாங்கள் மாஸ்க்கும் மேலங்கியும் போட்டுக்கொண்டு, தினமும் செய்கிற மாதிரி அவனுக்குப் படுக்கை மாற்றி, முகம் துடைத்து, கஞ்சி ஊட்ட வேண்டும். இரண்டு மணி நேரம். "நோயாளிக்குக் கஞ்சி எறங்கல, ஒரு கோப்பி போடுங்க" என்று அதிகாரம் வேறு.

முடிந்ததும் நீலம் எங்கெங்கே போயிருக்கிறது என்று தேடினார்கள். கதவுக் கைப்பிடியில் இருந்தது. டீ கிளாஸில் இருந்தது. ஒருத்தியின் காதுத் தோட்டில்கூட இருந்தது. உடனே சண்டை. "நீதான் தொட்டே", "நான் அந்தப் பக்கமே வரல" என்று ஒருவரை ஒருவர் பார்த்த பார்வை இருக்கிறதே! பத்து வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் அவரவர் சாப்பாட்டுத் தூக்கைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிய கை. "எங்கையில சோத்தப் போட்டுத் திங்கலாம், பாருங்க சிஸ்டர்" என்று நீட்டினேன். நகக்கண்ணில் லேசாக நீலம். எப்படி? சிஸ்டர் என்னைத் திருப்பி நிறுத்தி, இடுப்பில் செருகியிருந்த முந்தானையை மேலங்கிக்கு அடியிலிருந்து உருவினார். முழுக்க நீலம். ஒவ்வொரு தடவையும் கழுவும் முன்னும் கழுவிய பின்னும் கையை அதில்தான் துடைத்திருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மழை வருகிற மாதிரி இருக்கிறது. துணி எடுக்க வேண்டும். நீ கேட்டது அடுத்த கடிதத்தில்.

கண்மணி


குளுவாங்
10-8-1968

கண்மணி அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணாதுரை குடித்த கஞ்சி முதல் எல்லாம் இருந்தது. நான் கேட்டது இல்லை.

எழுத உங்களுக்கு என்ன தடை? நான் அறியாமல் நான் செய்த தப்பு எதையாவது நீங்கள் பார்த்திருந்தால் அதையாவது சொல்லிவிடுங்கள். கடைசி நாலு வரியில் உங்கள் எழுத்தே மாறியிருக்கிறது. மழையை நான் நம்பவில்லை.

ரபியா


பஃபலோ ரோடு
15-8-1968

ரபியாவுக்கு,

மழை வரவில்லை.

காய்ச்சல் வந்துவிட்டது. நேற்று மட்டும் எங்கள் வார்டில் பதினெட்டுப் பேர். நானும் அங்கேதான். இந்தக் கடிதத்தை யாக்கூப் தம்பியிடம் அப்படியே கொடு. அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அந்த மே மாதம் ரபியா பிள்ளையைத் தொடாமல் முதலில் குழாயடிக்கு ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒருநாள்கூடத் தவறியதில்லை. அம்மா வந்த பிறகும் தூக்கவில்லையே என்று அஸ்மத் அழுவான். அப்போதும் தூக்கமாட்டாள். இது சத்தியம்.

ஒரு வியாழக்கிழமை ரபியாவுக்கு இரண்டு ஷிஃப்ட். நான் வேலை முடிந்து நேராக டன்லப் தெருவுக்குப் போனேன். கீழ்வீட்டில் விட்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்க் கஞ்சி ஊட்டினேன். ஊட்டுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். எனக்கு அதில் எப்போதும் பெருமைதான். கழுவிய கையை முந்தானையில் துடைத்தேன். பகலெல்லாம் வார்டில் இருந்த சேலை. அவன் சிரித்துக்கொண்டே கஞ்சியைத் துப்பினான். வாயையும் மூக்கையும் அதே முந்தானையால் துடைத்துவிட்டேன். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் காய்ச்சல்.

அண்ணாதுரையைத் துடைத்த நீலத்தை என் சேலையில் பார்க்கும் வரை இது எனக்குத் தோன்றவே இல்லை, ரபியா. நம்பினால் நம்பு.

லிம் சிஸ்டரிடம் சொல்லி அழுதேன். ஊரே இருமிய மாதம் அது, யார் கொடுத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதே வார்த்தையை உனக்குப் பதினோரு வருடமாக ஒருவரும் சொல்லவில்லையே? நானும்தான் சொல்லவில்லை. அப்துல் கையூம் ஹாஜி வீட்டுக் கல்யாணத்தில் ஆயிஷா எல்லோர் முன்னாலும் உன்னை அப்படிப் பேசியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி தின்றுகொண்டிருந்தேன். ஏதோ கேலி பேசிப் பேச்சை மாற்றினேன். மறுத்துப் பேசவில்லை.

நீ கேட்டது இதுதான். பார்த்தது, செய்தது எல்லாம் எழுதிவிட்டேன்.

கண்மணி


குளுவாங்
24-8-1968

கண்மணி அக்காவுக்கு,

அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். சாயங்காலம் ஆயிஷா வந்து வழக்கம்போல் ஆரம்பித்தாள். "போதும், நிறுத்து" என்றார். வெளியே எழுந்து போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது. எனக்கு அது போதும்.

நீங்கள் அன்றைக்கு வந்தது எனக்குத் தெரியும். போய் ஊட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பியவளே நான்தான். உங்கள் கடிதத்தில் அதை மட்டும் விட்டுவிட்டீர்கள். மறதியால் விட்டதல்ல, எனக்காக விட்டது என்று எனக்குத் தெரியும். சொன்னால் அதுவும் என் தலையில்தான் விழும் என்று நானும் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் உங்களைச் சந்தேகப்படாத நாள் இல்லை அக்கா. நீங்கள் போட்ட ஒவ்வொரு கடிதத்திலும் அந்த வியாழக்கிழமையைத் தேடினேன். எழுதித் தரச் சொன்னதே அதை எழுதுவீர்களா, ஒளிப்பீர்களா என்று பார்க்கத்தான். எழுதிவிட்டீர்கள். இப்போது உங்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆள் போதவில்லை என்றீர்கள். திங்கட்கிழமை ரயிலில் வருகிறேன். அவர்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். சிஸ்டரிடம் சொல்லி ஆயாக்கள் குவார்ட்டர்ஸில் ஒரு கட்டில் கேளுங்கள். உங்கள் வீட்டில் தங்கவில்லை. ரயிலடிக்கும் வர வேண்டாம்.

வார்டில் பார்ப்போம். வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். கேலி வேண்டாம், கொஞ்ச நாளைக்கு.

ரபியா