எல்லோருக்கும் முதலிடம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நால்வரும் சுகம், அதிலும் அம்மாவின் சுகம் போன மாதத்தைவிட ஒரு பிடி கூடுதல், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ முடிவைக் கேட்பாய்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது, கை கால் தேறிவிட்டது, பேச்சுதான் பின்தங்கிவிட்டது என்பது உனக்குத் தெரியும். ஞாயிறு தவிர தினமும் காலை பத்து மணிக்கு டேப்லெட்டில் வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா, மூன்று வாரமாக முன்னேற்றமே இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார். படத்தைக் காட்டி ஒரு வாக்கியம் சொல்லச் சொல்வார், அம்மா சொல்வாள், அவர் "நடுவுல நின்னு நின்னு வருதும்மா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார். பக்கத்து நாற்காலியில் இருக்கிற எனக்கோ அவள் மெதுவாக, ஆனால் ஒழுங்காகச் சொன்னதுதான் கேட்டது. டாக்டரம்மாவுக்குத்தான் காது மந்தமோ என்றுகூட நினைத்தேன். கடைசியில் அவர் என்னிடம் தனியாக, இந்த மாத முடிவுவரை பார்ப்போம், இப்படியே இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம், இந்த நேரத்துக்கு வேறு ஒருவர் காத்திருக்கிறார் என்றார். தனியாகச் சொன்னதை உன் அம்மா அடுத்த அறையிலிருந்து கேட்டுவிட்டாள். மறுநாள் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, சொல்லத் தெம்பு இல்லை.

கெஞ்சிக் கூத்தாடி அவளை மறுபடி உட்கார வைத்த நாள், உன் தம்பியும் அவன் பெண்டாட்டியும் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தார்கள், என் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. அன்று பார், டாக்டரம்மா ஒரு வாக்கியத்தையும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது, தடை அம்மாவின் நாக்கில் இல்லை, நம் வீட்டு இணைய இணைப்பில் இருக்கிறது. கம்பெனி ஆளை வரவழைத்தேன். அவன் பார்த்துவிட்டு, "சார், வாசல் ஒண்ணுதான், எல்லாரும் ஒரே நேரத்துல பீரோவைத் தூக்கிட்டு வெளிய வந்தா அம்மா எந்தப் பக்கம் வருவாங்க" என்றான். கோப்பு பத்து நிமிடம் தாமதமாகப் போனாலும் முழுசாகப் போய்ச் சேரும், பேச்சு அரை நொடி தாமதமானாலும் துண்டு துண்டாகிவிடும், அதனால் பேச்சுக்கு வழிவிடச் சொல்லி ரவுட்டரிலேயே ஏற்பாடு செய்யலாம் என்று விளக்கினான். எந்தக் கருவிக்கு முதலிடம், எதற்கு நடு, எதற்குக் கடைசி என்று குறிக்கிற இடத்தை என் போனில் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

நான் முப்பது வருடம் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசலில் சீட்டு எழுதியவன். யாரை முதலில் உள்ளே அனுப்புவது, யாரை பெஞ்சில் உட்கார வைப்பது என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வீட்டு ஆட்களை அப்படி வரிசைப்படுத்த உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அம்மாவின் டேப்லெட்டுக்கு முதலிடம், அதில் சந்தேகமே இல்லை. உன் தம்பி நாள் முழுக்க வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிச் சம்பாதிக்கிறவன், அவன் கணினிக்கும் முதலிடம் போட்டேன். மருமகள் விளம்பர வீடியோ தயாரித்து அனுப்புகிறவள், அவளைக் கீழே போட்டால் வேற்று வீட்டுப் பெண் என்று நினைத்தேன் என்றாகிவிடும், அவளுக்கும் போட்டேன். நீ கூப்பிடுவது என் போனில், அதற்கும் போட்டேன். யார் மனமும் கோணாமல் முடித்துவிட்டோம் என்ற பெருமையோடு எழுந்தேன். மறுநாள் அம்மாவின் பேச்சு முன்னைவிட மோசமாக அறுந்தது. கம்பெனி ஆளுக்குப் போன் போட்டுக் கத்தினேன், பாவம், அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

மருமகள்தான் என் போனை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமா, எல்லாருக்கும் முதல் இடம் குடுத்தா யாருக்குமே குடுக்கலன்னுதானே அர்த்தம்" என்றாள். பிறகு எது எவ்வளவு அனுப்புகிறது என்ற பட்டியலைத் திறந்ததும் அவள் முகம் மாறியது, எனக்குக் காட்டத் தயங்கினாள். பட்டியலில் முதல் பேர்வழி நான்தான். நீ பார்க்க வேண்டும் என்று தினமும் பயிற்சி முழுவதையும் பக்கத்தில் உட்கார்ந்து படம் பிடித்தேன் அல்லவா, அந்தப் பாழாய்ப்போன போன், பிடிக்கப் பிடிக்கவே உனக்கும் இணையச் சேமிப்புக்கும் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது மகளே. அம்மாவின் பேச்சை அடைத்துக்கொண்டு நின்றது நானும் என் ஆசையும்தான். அவளிடம் போய்ச் சொன்னேன். கோபிப்பாள் என்று பார்த்தால், என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுச் சிரித்தாள், ஐந்து மாதத்தில் அப்படிச் சிரித்ததில்லை.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரிசையை மாற்றினோம். மருமகளே தன்னைக் கடைசியில் போடச் சொன்னாள், அவள் வீடியோக்கள் மத்தியானம் போனால் போதுமாம். தம்பி வேலை நாட்களில் இரண்டாவது, என் போன் மருமகளோடு கடைசியில், அது படம் அனுப்புவது அடியோடு நிறுத்தம். திங்களன்று பயிற்சி முடிந்ததும் டாக்டரம்மா தன் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "போன வாரமும் இப்படித்தான் பேசினீங்களாம்மா? நான்தான் தப்பா எடை போட்டுட்டேன்" என்று அம்மாவிடமே மன்னிப்புக் கேட்டார். இன்னும் இரண்டு மாதம் தொடர்கிறது, இனி ஞாயிறு காலையிலும் உண்டு.

ஞாயிறு காலைதான் நீ கூப்பிடும் நேரம். அதனால் ஞாயிறு மட்டும் உனக்கு முதலிடம் கொடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன், பழக்கதோஷம். அவள் விரலை மடக்கி மடக்கி, எங்கேயும் நிற்காமல், "வேணாங்க. அவ காத்திருப்பா. அவ என் பொண்ணு" என்றாள். மூன்று வாக்கியம், எண்ணிப் பார். தம்பி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

ஆகவே இனி உன் முகம் மங்கலாகத் தெரிந்தால் வருத்தப்படாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், இருவரும் நல்லபடியாக, நீடூழி வாழுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. அம்மா பேசும்போது தேடுகிற சொல்லை நீ எடுத்துக் கொடுத்துவிடாதே. வந்து சேரும், பொறுத்திரு.

இப்படிக்கு,
வீட்டு வரிசையில் கடைசியில் சுகமாக நிற்கும்
உன் அப்பா