இரண்டு கார்டும் கொய்யாமரத்துக் கலயமும்

2003 ஜனவரி 19

இன்றைக்கும் மழை. கலயத்தின் வாய்த்துணி நனைந்திருந்தது. மேலே ஒரு பொலித்தீன் பையைச் சுற்றிக் கட்டினேன். அவர் சாம்பல் நனையக் கூடாதாம். என்ன பைத்தியம் எனக்கு, கடைசியில் ஆற்றில் கரைக்கத்தானே வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் போன ஜூனில் போனார். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லாரையும் புதைப்பதுதான். "என்னைய எரிச்சிரு, காவேரியில கொண்டுபோயி விட்டுரு" என்று கேட்டுக்கொண்டார். அவர் அப்பா லால்குடியிலிருந்து இலங்கைக்கு வந்தவர். சாம்பலை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்று எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் கலயம் கொய்யாமரத்தில் தொங்குகிறது. உள்ளேயும் வராமல், போகவும் முடியாமல். நானும் அப்படித்தான்.

பெப்ரவரி 2

பங்களாவில் சமையல் முடித்து நிற்கும்போது ரோகினி அம்மா கூப்பிட்டார்கள். தோட்டத்து மனேஜர் பெரிய துரையின் சம்சாரம், யாழ்ப்பாணத்து ஆள். எது வாங்கினாலும் கிரெடிட் கார்டில்தான். செலவழித்தால் பொயின்ட் விழுமாம், பொயின்ட் சேர்ந்தால் பிளேன் டிக்கட்டாம்.

"வேலையை விட்டிட்டுப் போகாதை ராசம்மா. திவசத்துக்கு முன்னம் உனக்குத் திருச்சிக்கு ஒரு டிக்கட் எடுத்துத் தாறன்."

காலைத் தொடப் போனேன். விடவில்லை.

மார்ச் 9

எங்கள் வீட்டுச் சாமானையும் தன் கார்டிலேயே வாங்கலாம் என்றார்கள். காசை நான் கையில் கொடுத்துவிட வேண்டும். "எல்லாம் உன்ர டிக்கட்டுக்குத்தான்." பொகவந்தலாவைக் கடைகளில் கார்ட் எடுப்பதில்லை. நுவரெலியாவில் பருப்பு விலை கூட. வாங்கினேன்.

மார்ச் 23

மகள் நாகுவைக் கேட்டிருக்கிற மாப்பிள்ளையின் அம்மா மீனம்மா வந்தார். பின்பக்கம் போய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்து, "கலயம் தொங்கையில பந்தக்கால் எப்புடி மதினி நடுறது? சம்பந்தி காத்துல ஆடிக்கிட்டே கல்யாணம் பாக்கவா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நாகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவளுக்கு நான் அம்மா. அவருக்கு நான் பெண்சாதி. யாருக்கு முதலில் செய்வது?

ஏப்ரல் 20

அம்மாவும் ஐயாவும் லண்டன் போகிறார்கள். பொயின்ட் எல்லாம் மே மாதத்தோடு செத்துப்போகுமாம். வீணாக்காமல் அகலமான சீட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். "அடுத்த முறை உனக்குத்தான்."

"சரிங்கம்மா" என்றேன்.

ஏன் சரி என்றேன்? வேலையை விட்டால் டிக்கட் பேச்சே இல்லை. விடாவிட்டால் — அடுத்த முறை, அடுத்த முறை. ஜூன் வந்துவிடும்.

ஏப்ரல் 21

அவர்களுடைய பெட்டியை நான்தான் அடுக்கினேன்.

மே 18

லண்டனிலிருந்து அம்மா எனக்கு ஒரு ஸ்வெட்டர் கொண்டுவந்தார்கள். கூடவே பேங்கில் வாங்கிய இரண்டு கார்டின் விளம்பரத் தாள்களையும் கொடுத்தார்கள். நாகு வாசித்துச் சொன்னாள்.

இப்போது இருக்கிற நீலக் கார்டுக்கு வருஷக் கட்டணம் கிடையாது. ஆனால் பொயின்ட் வருஷத்துக்குள் செத்துவிடும். புதிய தங்கக் கார்டில் பொயின்ட் சாகாது, ஏர்போர்ட்டில் தனி அறையில் சாப்பாடு. வருஷா வருஷம் கட்டணம் உண்டு. சேர்ந்த மூன்று மாதத்துக்குள் பெரிய தொகைக்கு வாங்கினால், ஒரு டிக்கட்டுக்கான பொயின்டை மொத்தமாகக் கொடுப்பார்களாம். அதனால் நாகுவின் கல்யாண நகையை அந்தக் கார்டில் எடுப்போம், அவருடைய ஈ.பி.எப். காசைத் தன்னிடம் கொடு என்று அம்மா சொல்கிறார்கள்.

ஹட்டன் நகைக்கடையில் நாகு கேட்டு வந்தாள். கார்ட் என்றால் நூற்றுக்கு மூன்று கூடக் கொடுக்க வேண்டும். பொயின்ட் டிக்கட்டுக்கும் வரியைக் காசாகத்தான் கட்ட வேண்டுமாம், தாளில் போட்டிருக்கிறது.

பிறகு மெதுவாகக் கேட்டாள். "பொயின்டெல்லாம் யாரு பேருலம்மா விழுகுது?"

மலையில் கொழுந்து எடுத்த காலத்தில் நிறுக்கும்போது யார் பெயரைச் சொல்கிறார்கள் என்று காது கொடுத்து நிற்பேன். அரைக் கிலோ அடுத்தவள் பெயரில் விழ விட்டதில்லை. அவர் உழைத்த காசைப் போய் —

மே 25

சொல்லிவிட்டேன். "நகைய நாங்க கைக்காசுக்கே எடுத்துக்கிறோம்மா."

"உனக்கு நல்லது செய்யத்தானே ராசம்மா நினைச்சனான்" என்றார்கள். கண் கலங்கியிருந்தது. பொய் இல்லை. அதனால்தான் இத்தனை நாள் வாய் வரவில்லை. மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகவும் சொன்னேன். ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

ஜூன் 8

ஹட்டனில் ரயில் ஏறி நானும் நாகுவும் கம்பளை போனோம். கலயம் மடியிலேயே இருந்தது. மகாவலியில் இடுப்பளவு இறங்கினேன்.

காவேரி இல்லைங்க. என்னால் இவ்வளவுதான் முடிந்தது. கோவிச்சுக்காதீங்க.

சாம்பல் உடனே போகவில்லை. காலைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நின்றது.

ஜூன் 22

பந்தக்காலுக்கு ஆவணியில் நாள் பார்த்தாகிவிட்டது. கொய்யாக்கிளையில் கயிறு தேய்த்த தடம் வெள்ளையாகத் தெரிகிறது. மறுபடியும் மலை வேலைதான். காலையில் கூடையோடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது இன்னும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.