கழற்ற வராத ஆறு தட்டுகள்

என் கோபம் இன்னும் தீராத அன்புள்ள அப்பா,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. எழுதினால் சண்டையாகத்தான் இருக்கும் என்று இதுவரை எழுதவில்லை. இன்று வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன். நீங்கள் மாட்டிக் கொடுத்த புத்தக ரேக்கை என்னால் கழற்ற முடியவில்லை.

இந்த ராசிபுரத்து வாடகை வீட்டை வெள்ளிக்கிழமை காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரர் மாடியில் வீடியோ கேசட் கடை வைக்கப் போகிறாராம். நான் விட்டுப் போவதெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். ரேக் ஏழடி உயரம், நாலடி அகலம். மாடிப்படியோ ஓர் ஆள் ஏறும் அகலம், நடுவில் ஒரு திருப்பம் வேறு. பிரித்தால்தான் கீழே இறங்கும். இன்று புதன்கிழமை.

அதைச் சேலத்தில் வாங்கி, பஸ்ஸின் மேலே போட்டுக் கொண்டுவந்தேனே, உங்களுக்கு நினைவிருக்கிறதா? துளை போட்ட நான்கு இரும்புக் கால்கள், ஆறு தகரத் தட்டுகள், ஒரு பை நிறைய போல்ட்டும் நட்டும், மாட்டும் விதத்தைப் படம் போட்டுக் காட்டிய ஒரு தாள். தட்டுகளை வேண்டிய உயரத்துக்கு ஏற்றலாம், இறக்கலாம் என்று கடைக்காரர் சொன்னதற்காகவே வாங்கினேன். தாளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் வந்தீர்கள். கிணற்று மோட்டாருக்குச் சாமான் வாங்கிய பை கையில் இருந்தது.

"தள்ளு சாமி. போல்ட்டு முடுக்கறதுக்குமா படிப்பாங்க?"

ஒவ்வொரு போல்ட்டுக்கும் சணலைச் சுற்றினீர்கள். பைப் இணைப்பில் தண்ணீர் கசியாமல் இருக்கப் பூசும் வெள்ளைப் பசையை மூலைக்கு மூலை அப்பினீர்கள். இதில் என்ன தண்ணீரா வரப்போகிறது என்று கேட்டேன்.

"தண்ணி வராட்டிப் போகுது. ஆட்டம் வரக்கூடாதில்ல" என்றீர்கள்.

அன்று இறுகியதுதான். பதினான்கு வருடமாக ஒரு தட்டையும் விரல் அளவுகூட நகர்த்த முடியவில்லை. என் பெரிய அகராதிகள் நிற்க உயரம் போதாமல் படுத்தே கிடந்தன. ஒவ்வொரு முறை அவற்றை இழுத்து எடுக்கும்போதும் உங்களைத் திட்டினேன். கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டீர்கள்.

பாகம் பிரித்த அன்று மட்டும் என்னைக் கேட்டா செய்தீர்கள்? ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து, "பெரியவனுக்குப் படிப்பக் குடுத்துட்டேன், சின்னவனுக்குக் காடு" என்று இருந்த நிலம் முழுவதையும் ஒரே மூச்சில் முடித்தீர்கள். தம்பி தலைகுனிந்து நின்றான். நான் எழுந்து வந்துவிட்டேன். அந்த வருடம் அவன் ஒரு மூட்டை நிலக்கடலை கொடுத்தனுப்பினான். மூட்டையின் வாயைக்கூடப் பிரிக்காமல் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பினேன். அதோடு பேச்சு நின்று ஒன்பது வருடம். உங்களைத் தூக்கும்போது ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று நாளாக மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைக்கிறேன். ஸ்பேனர் வழுக்கி வழுக்கி நட்டுகளின் முனை மழுங்கிவிட்டது. சுத்தியலால் தட்டினேன், தட்டு நெளிந்தது, மூலை விடவில்லை. பேனா பிடிக்கிற இந்தக் கையில் இப்போது தோலே இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்க வேண்டாம், காரணம் நீங்கள்தான்.

காலையில் வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டிவந்தேன். அறுத்துவிட்டால் அரை மணி நேர வேலை என்றார். குழாயை மாட்டிப் பற்றவைக்கப் போனார். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டேன். காடு தம்பிக்கு, கிணறு தம்பிக்கு, நீங்கள் படுத்த கட்டிலும் அங்கே. உங்கள் கைவேலை என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். இதையும் நானே துண்டு போடவா?

பட்டறைக்காரருக்கு நம் ஊர் இருக்கும் திருச்செங்கோட்டுப் பக்கம் பழக்கம் உண்டு. மூலையிலிருந்த பசையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, இது யார் வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"அட, அவுரு பையனுங்களா நீங்க? போர் போட்டப்ப கெணத்துப் பைப்பெல்லாம் இதே மாதரிதான் இறுகிக் கெடந்துச்சுங்க. நாங்க அறுக்கலாம்னோம். உங்க தம்பி உடலீங்க. ஒண்ணொண்ணாச் சூடு காட்டி, நாலு நாள் உக்காந்து கழட்டுனாரு. அவுரக் கூப்புடுங்க. எங்களுக்கு அந்தப் பொறுமை இல்லீங்க."

அவர் போனபின் பஸ் நிலையத்துக்குப் போனேன். திருச்செங்கோட்டு பஸ் புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். மதியம் மறுபடியும் போனேன், மறுபடியும் வந்தேன். உங்கள் மருமகள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, கூடப் பொறந்தவருகிட்ட ஒரு வார்த்த பேச மாட்டாம, மூணு நாளா இரும்புகிட்டப் பேசிட்டிருக்கறீங்களே. அது பதில் சொல்லுதுங்களா?"

என்ன சொல்வேன் அப்பா? எம்.ஏ. படித்தேன், முப்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பேசிப் பேசியே பிழைக்கிறேன். போய்க் கேட்க ஒரு வாக்கியம் அமையவில்லை. ரேக்குக்காக வந்தேன் என்றால் அவன் சிரிப்பானா? அந்த மூட்டையை நினைவுபடுத்துவானா? உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்திவிட்டால் அதையும் வாங்கிக்கொண்டு எந்த முகத்தோடு திரும்புவேன்?

நீங்கள் செய்தது நியாயம் என்று இன்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதை நேரில் கேட்க விடாமல் போய்விட்டீர்கள். ஆனால் அந்தக் காட்டை அவன் கேட்டு வாங்கவில்லை. இதை ஒன்பது வருடமாகத் தெரிந்தே வைத்திருந்தேன்.

நாளை காலை முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவன் வாசலில் நின்று "தம்பி" என்று கூப்பிடுவேன். திரும்பாவிட்டால் இன்னொரு முறை கூப்பிடுவேன். அவன் வரும்வரை நிற்பேன்.

உங்கள் மூத்த மகன்,
அவனுக்கு அண்ணன்.